பழைய சிமென்ட் முற்றத்தைக் குறைந்த செலவில் சீர்படுத்துவது எப்படி? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். திருச்சியிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய வீட்டின் பின்புறம் 12 அடிக்கு 15 அடி அளவில் ஒரு திறந்த முற்றம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் போட்ட அதன் சிமென்ட் தளம் கறுத்துப் பாசி பிடித்து, அங்கங்கே வெடிப்பு விட்டிருக்கிறது. மழைக்காலத்தில் அவருடைய தாயார் அங்கே கால் வைக்கவே அஞ்சுகிறாராம். கையில் 10,000 ரூபாய் இருக்கிறது, ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா, அல்லது பெயின்ட் அடித்துச் சில பூந்தொட்டிகள் வைத்தால் போதுமா என்று கேட்கிறார்.

இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம் என்பதே என் பதில். முற்றம் களையிழந்து போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் அடுத்த ஐப்பசி மழையில் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆகவே உங்கள் பணத்தின் பெரும்பகுதி வாட்டத்துக்கு, அதாவது தண்ணீர் வழிந்தோடுவதற்கான சரிவுக்குப் போக வேண்டும். தளம் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிந்திருக்க வேண்டும்; உங்கள் முற்றத்தின் 15 அடி நீளத்துக்கு இது ஏறத்தாழ 2 அங்குலம். கொத்தனாரை அழைப்பதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். தளத்தைப் பெருக்கிவிட்டு, சுவரோரத்திலிருந்து நாலைந்து வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அரைமணி நேரம் கழித்து எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ, அந்தக் குட்டைகளின் விளிம்பைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். தளம் முழுவதும் வாட்டம் கெட்டிருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கோடுகள் மூன்று நான்கு இடங்களோடு நின்றுவிடும். அந்த இடங்களை மட்டும் சீர்செய்வதற்கு ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் போதும்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பள்ளத்தின் மேல் கால் அங்குலத்துக்குக் கலவையை மெழுகிவிட்டுப் போவது எளிது, ஆனால் அவ்வளவு மெல்லிய பூச்சு பழைய தளத்தோடு ஒட்டாமல் சில மாதங்களில் அப்பளமாக உரிந்து வரும். கோடு போட்ட பகுதியை ஓர் அங்குல ஆழத்துக்குக் கொத்தி எடுத்து, தூசியைக் கழுவி, சிமென்ட் பால் ஊற்றி, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையைப் போடச் சொல்லுங்கள். வெடிப்புகளையும் இப்படியே அகலப்படுத்தித்தான் அடைக்க வேண்டும். பூச்சை வழவழப்பாகத் தேய்க்க விடாதீர்கள். ஈரம் இழுக்கும் தறுவாயில் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றை வாட்டத்தின் திசையிலேயே மெல்ல இழுத்தால், தண்ணீரும் ஓடும், உங்கள் தாயாரின் காலுக்குப் பிடிமானமும் கிடைக்கும். பிறகு ஈரச் சாக்கு போட்டு ஏழு நாளாவது நனைத்து வர வேண்டும்.

பாசியைப் போக்க ஆசிட் ஊற்றும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது கறையோடு சிமென்டையும் அரித்து, தளத்தைச் சொரசொரப்பாக்கி, அடுத்த முறை பாசி இன்னும் விரைவாகப் பிடிக்க இடம் கொடுக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்றுசேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் புழங்கவே கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் அதற்கான குழி இருக்கும். கழுவும் நாளில் அதன் வாயை அடைத்துவிட்டு, வேலை முடிந்ததும் முற்றத்து மழைநீர் அதற்குள் போகும்படி திறந்துவிடுங்கள்.

இனி ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கம் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, சூளையில் சுடாமல், நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் அருமையான கல் அது. கூரைக்குக் கீழே நடந்து நடந்து, துடைத்துத் துடைத்து மெருகேறுவது அதன் இயல்பு. வெட்டவெளியில் வெயிலும் மழையும் அதன் நிறத்தைத் தின்றுவிடும். மேலும் எந்தக் கல்லைப் பதித்தாலும் தளம் ஒன்றிரண்டு அங்குலம் உயர்ந்து, பின்வாசல் படியை எட்டி, மழைநீர் வீட்டுக்குள் வர வழிசெய்யும். கடப்பாக் கல்லும் வேண்டாம். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு அதன் மேல் நடக்க முடியாது.

பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும் என்றால், தளம் நன்றாகக் காய்ந்திருக்கும் ஒரு நாளில் இரண்டடி சதுரப் பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ மண்ணின் ஈரம் மேலேறுகிறது என்று பொருள். அங்கே எந்தப் பெயின்ட்டும் கொப்பளித்து வரும். ஈரம் இல்லையென்றால் வெளித்தளத்துக்கென்றே விற்கும் பெயின்ட்டை வாங்குங்கள், சுவருக்கு அடிப்பது மிதிபடத் தாங்காது. முற்றத்தைச் சுற்றியுள்ள சுவர்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, கீழே ஓரடிக்குக் காவிப் பட்டை இழுத்தால் அந்த இடமே துலங்கிவிடும். செலவும் மிகக் குறைவு.

பூந்தொட்டிகளை நேரே தளத்தில் வைக்காமல் செங்கல் துண்டுகளின் மேல் வையுங்கள், அடியில் வட்டமாகக் கறை விழாது. தட்டு வைத்தால் அதில் நிற்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள், டெங்குக் கொசுவுக்கு அவ்வளவு நீரே போதுமானது. உட்கார, இரண்டு செங்கல் கால்களின் மேல் பழைய கல் பலகை ஒன்றைப் போட்டால் திண்ணை தயார். நிழலுக்குச் சவுக்குக் கழி ஊன்றிப் பந்தல் போடலாம். கழியை மண்ணில் புதைத்தால் கறையான் அரிக்கும், பழைய பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் போட்டு அதில் நிறுத்துங்கள்.

தள வேலையைத் தை, மாசியில் முடித்துவிட்டால், மழையும் குறுக்கிடாது, கடும் வெயிலில் பூச்சு வெடிக்கும் அபாயமும் இருக்காது. கோடை முடிந்து ஆடிப்பட்டம் வந்ததும் பந்தல்கால் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெரிய தொட்டி வைத்து அவரை விதையை ஊன்றுங்கள்.