குளுகோஸ் ஏற்றும் முன் எடுக்க வேண்டிய ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் குழந்தைகள் இரண்டு நாள் சோர்ந்து கிடந்து எழுந்துவிடுவார்கள். ஆனால் சில குழந்தைகள், சாப்பாடு இறங்காத சில மணி நேரத்திலேயே நினைவு தப்பிப் போவார்கள். குளுகோஸ் ஏற்றினால் விழித்துவிடுவார்கள். அடுத்த காய்ச்சலிலும் அப்படியே. இது இரண்டாம் முறையும் நடந்தால், பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடாக, அதாவது சாப்பாட்டை உடம்பு சக்தியாக மாற்றும் வேலையில் பிறவியிலேயே உள்ள கோளாறாக, இருக்குமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

குழந்தை தேறி, ஒரு வாரம் கழித்து எடுக்கிற டெஸ்ட்டில் எல்லாம் நார்மல் என்று வரலாம். அதை வைத்து நோயே இல்லை என்று நிம்மதியாகிவிட முடியாது. பல குறைபாடுகளில், உடம்பு பட்டினியில் தவிக்கும்போதுதான் தடயம் ரத்தத்திலும் சிறுநீரிலும் சேரும். குளுகோஸ் ஏறியதும் அது மறைந்துபோகும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ரத்தம் எடுக்க வேண்டியது நெருக்கடி நேரத்தில். டிரிப்புக்கு ஊசி ஏற்றும்போதே, குளுகோஸ் ஓடும் முன் எடுத்துவிடலாம். இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

அந்த ரத்தத்தில் பார்க்க வேண்டியவை: சர்க்கரை, கீட்டோன், லாக்டேட் (சர்க்கரை முழுதாக எரியாதபோது சேர்வது), அம்மோனியா (புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சுக் கழிவு), அமினோ அமிலங்கள். வடிதாளில் சில சொட்டு ரத்தம், அசைல்கார்னிடைன் (கொழுப்பு எரியும் பாதையில் தடை இருந்தால் சேரும் பொருள்) பார்க்க. முதலில் கழிக்கும் சிறுநீர், கரிம அமிலங்கள் (முழுதாகச் சிதையாமல் தேங்கும் பொருள்கள்) பார்க்க. நேரம் தப்பிவிட்டதா? அட்மிஷனில் எடுத்த ரத்தம் லேபில் மிச்சமிருக்கிறதா என்று உடனே கேளுங்கள். கொட்டுவதற்குள் கேட்க வேண்டும்.

இந்த டெஸ்ட் முடிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும். சர்க்கரையும் குறைவு, கீட்டோனும் சொற்பம் என்றால், கொழுப்பை எரிக்கும் பாதையில் கோளாறு இருக்கலாம், அல்லது இன்சுலின் மிகுந்திருக்கலாம்.

அம்மோனியாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன், தவறுகள் குவிவது அங்கேதான். ரத்தம் தடையில்லாமல் வடிய வேண்டும். கையை ரப்பர் பட்டையால் இறுக்கி, பிழிந்து எடுத்தால் அளவு பொய்யாக ஏறும். குழாயை ஐஸில் வைத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளேயே அம்மோனியாவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மேஜையில் அரை மணி கிடந்த குழாயின் எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. அதற்காக, கூடுதலாக வந்த எண்ணை "சரியாக எடுக்கவில்லை போல" என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அது அதைவிட ஆபத்து. உடனே முறைப்படி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே ஏறியிருந்தால் மூளை வீங்கும். லாக்டேட்டும் இப்படித்தான்: குழந்தை வீறிட்டு அழுதாலே ஏறும்.

பிறந்த சில நாளில், இந்தக் குறைபாடுகளுக்காகக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் பரிசோதனை ஒரு சல்லடைதான். அதில் சிக்கினால் உறுதிசெய்ய வேறு டெஸ்ட் வேண்டும், சிக்காததால் சந்தேகம் தீர்ந்துவிடாது.

நேரம் நெருங்கிவிட்டது, மரபணுப் பரிசோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தையோடு தாய் தகப்பன் ரத்தத்தையும் அனுப்புங்கள். "பொருள் உறுதியில்லாத மாற்றம்", அதாவது நோயை உண்டாக்குமா என்று இன்னும் தெரியாத மரபணு மாற்றம், என்று அறிக்கை வந்தால் அதையே நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கடியில் எடுத்த ரத்தமும், தேவைப்பட்டால் நொதிப் பரிசோதனையும் (உடம்பின் வேதிமாற்றங்களை நடத்தும் புரதம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது) அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம்.