விண்மீனை அளக்க மண்ணில் ஓர் ஆய்வகம்

தலைமை தாங்கும் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த அம்மையார் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் துறைத் தலைவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இத்தனை பெரியவர்கள் ஒரே மேடையில் கூடியிருப்பது என் பேறு.

வெப்பமிகுந்த பெரு விண்மீன்களின் வளிமண்டலத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளக்கிறோம்? வெப்பநிலை, விண்மீன் காற்று (அதாவது விண்மீனிலிருந்து வெளியே வீசும் துகள் ஓட்டம்), தனிம அளவு என மூன்றையும் பேச வந்திருக்கிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இந்தத் துறைக்கென்றே சொல்லிவைத்த பழமொழி அது.

30,000 கெல்வினுக்கு மேல் கொதிக்கும் ஓ வகை விண்மீனின் நிறமாலையில், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த அதன் ஒளியில், ஹைட்ரஜனுக்கே உரிய கோடுகள் மெலிந்து தெரியும். ஹைட்ரஜன் குறைவு என்று நினைத்தால் ஏமாந்தோம். அந்த வெப்பத்தில் பெரும்பாலான ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரானை இழந்துவிடுகின்றன, அதனால்தான் கோடு மெலிகிறது. 1920-இல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா இதற்குச் சமன்பாடு தந்தார்.

சரி, ஒரு கதை சொல்கிறேன். 1896-இல் அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் பிக்கரிங் ஜீட்டா பப்பிஸ் என்ற விண்மீனில் புதிய கோடுகளைக் கண்டார். பார்த்தால் ஹைட்ரஜன் வரிசை போலவே இருந்தது. ஹைட்ரஜன்தான், நாம் அறியாத ஏதோ நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். 1912-இல் லண்டனில் ஆல்ஃபிரட் ஃபவுலர் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் மின்சாரம் பாய்ச்சினார். அதே கோடுகள் கிடைத்தன! அவரும் ஹைட்ரஜன் என்றே சொன்னார். அடுத்த ஆண்டு நீல்ஸ் போர் என்ற இளைஞர், இல்லை, இது எலக்ட்ரான் இழந்த ஹீலியம் என்றார். மான்செஸ்டரில் எவன்ஸ் என்ற ஆய்வாளர் ஹைட்ரஜன் இல்லாத ஹீலியத்தை எடுத்துச் சோதித்தார். கோடு வந்தது. ஃபவுலர் விடவில்லை. ஹீலியக் கோடுகளின் மாறிலிக்கும் ஹைட்ரஜன் கோடுகளின் மாறிலிக்கும் உள்ள விகிதம் உங்கள் கணக்கில் 4, அளவீட்டில் 4.0016, உதைக்கிறதே என்றார். அணுக்கருவும் சற்றே அசைகிறது, அதையும் சேருங்கள் என்று போர் காட்டிய விடை 4.00163. ஃபவுலர் ஏற்றுக்கொண்டார். தீர விசாரிப்பதே மெய்!

விண்மீனில் எழுந்த வழக்குக்குத் தீர்ப்பு எங்கே கிடைத்தது? மேசைமேல் இருந்த கண்ணாடிக் குழாயில். இன்றும் அப்படித்தான். இவ்விண்மீன்கள் சில நைட்ரஜன் மிகுந்து கார்பன் குறைந்து காணப்படுகின்றன. உள்ளே, ஹைட்ரஜனை ஹீலியமாக்கும் கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் வினைச் சுழற்சியில் சமைந்தது, விண்மீன் தன்னைத்தானே சுற்றும் வேகத்தால் மேலே கலந்து வந்ததா? நைட்ரஜனை நம்பகமாக அளந்தால்தான் சொல்ல முடியும். வளிமண்டலம் வெப்பச் சமநிலையில் இல்லாததால், கணினி மாதிரிக்கு ஒவ்வோர் அயனியும், அதாவது எலக்ட்ரான் இழந்த அணுவும், ஒளியை உறிஞ்சும் அளவும் எலக்ட்ரான்களோடு மோதும் வீதமும் வேண்டும். அவற்றில் பிழை இருந்தால் விடையிலும் பிழை. விண்மீன் காற்றைப் பற்றிப் பேச நேரமில்லை, மன்னியுங்கள்.

தொலைநோக்கிக்குப் பணம் திரட்டுகிறோம், நல்லது. அணு நிறமாலை ஆய்வகங்களை மூடவிடுவது ஏன்? துணைவேந்தர் அவர்களே, அடுத்த நிதிநிலையில் அயனி அளவீட்டுக்கு ஓர் ஆய்வகமும், அதைக் காலமெல்லாம் பேணும் இரண்டு நிரந்தரப் பணியிடங்களும் ஒதுக்க வேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் கையெழுத்திட்ட மனு தலைவர் அவர்களிடம் இருக்கிறது.