ராசாவும் எங்கள் சனமும்

(வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாடசாலை அதிபர்களே, ஓய்வுபெற்ற என் சக ஆசிரியர்களே, காலையிலிருந்து கதிரை அடுக்கிய வாசிகசாலைத் தம்பிமாரே, பின்னால் பாய் விரித்து இருக்கும் அம்மாமாரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். கோட்டடியிலிருந்து இந்த வயதில் நடந்தே வந்திருக்கும் என் ஆசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். அவர் முன்னால் நின்று பேசுவது எனக்குப் பரீட்சை எழுதுவது மாதிரி. மண்டபத்தைத் தந்த ஆலய பரிபாலன சபையாருக்கும், ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மறுத்த தம்பிக்கும் நன்றி.

'மன்னராட்சியும் மக்கள் மனமும்' என்ற தலைப்பைத் தந்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். வெள்ளைக்கார ராசாக்களை எங்கள் திருகோணமலை எப்படிப் பார்த்தது, எங்கள் சொந்த மன்னர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறது, இன்று இங்கிலாந்துச் சனம் தங்கள் அரச குடும்பத்தை எப்படிப் பார்க்கிறது. பார்ப்போம், நேரம் எவ்வளவு விடுகிறதோ.

என் அம்மம்மா வாய் திறந்தால் ஒரு பழமொழி வரும். "இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன." எந்தத் தேர்தல் வந்தாலும் அதுதான் அவருடைய தீர்ப்பு. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும் கன்னியா வெந்நீர் ஊற்றும் இருக்கிற ஊரில் அந்தப் பழமொழிக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. தாயின் கிரியைக்காக இராவணன் ஊற்றெடுத்த இடம் என்று கன்னியாவைச் சொல்கிறோம். பத்துத்தலை ராசாவை எங்கள் சனம் நினைவில் வைத்திருப்பது தாய்க்குக் கடன் செய்த மகனாகத்தான்.

இந்தத் தீவு 1948இல் சுதந்திரம் பெற்ற பிறகும் 24 ஆண்டுகள் முடிக்குக் கீழேதான் இருந்தது. முதலில் ஆறாம் ஜோர்ஜ், பிறகு இரண்டாம் எலிசபெத். 1972 மே 22இல் குடியரசாகும் வரை அவர் இலங்கையின் ராணி. 1953 ஜூன் 2இல் அவருக்கு முடிசூட்டியபோது என் அம்மா பள்ளிக்கூடச் சிறுமி. அப்போது பிரித்தானியக் கடற்படை இங்கேதான் இருந்தது, 1957இல்தான் தளத்தைக் கையளித்தார்கள். துறைமுகத்தில் கப்பல்களுக்கெல்லாம் விளக்குப் போட்டிருந்தார்களாம், பள்ளிக்கூடத்தில் இனிப்புக் கொடுத்தார்களாம். அம்மா கடைசிவரை அந்த விளக்கைப் பற்றித்தான் சொன்னார். ராணியின் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

அரச கொண்டாட்டங்களைப் பற்றி நான் சொல்ல வந்தது அதுதான். சனம் கூடியது வெளிச்சத்துக்கு, இனிப்புக்கு, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து நிற்கிற சந்தோஷத்துக்கு. அதை முடியின் மேல் வைத்த விசுவாசம் என்று அரண்மனைகள் கணக்கில் எழுதிக்கொண்டன.

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கட்டிய கோட்டை. அதற்கு ஆங்கிலேயர் 1803இல், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் பிரெடெரிக்கின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் எழுத்தில் அதுதான் பெயர். ஆனால் நாங்கள் யாராவது பிரெடெரிக் கோட்டை என்று சொல்கிறோமா? கோட்டை, அவ்வளவுதான். மான் பார்க்கக் கோட்டைக்குப் போகிறோம், கோட்டை வழியாகக் கோயிலுக்குப் போகிறோம். இருநூறு வருஷமாக ஓர் இளவரசரின் பெயர் வாசலில் இருந்தும் எங்கள் நாக்கில் ஏறவில்லை. அதே வாசலில் குளக்கோட்டன் என்ற பழைய மன்னனின் பெயர் சொல்லும் கல்வெட்டுத் துண்டு இருக்கிறது, பாதிக்கு மேல் அழிந்து. அந்தப் பெயரை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஏன்? கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையில் வரலாறு எவ்வளவு, ஐதீகம் எவ்வளவு என்று அறிஞர்கள் பேசட்டும். தண்ணீர் தந்தவன் என்றுதான் சனம் ஒரு ராசாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

கண்டியின் கடைசி மன்னன் கதை வேறு. ஆங்கிலேயர் 1815இல் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். அவருடைய சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல்தான் திரும்பி வந்தது. இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்று நேரமில்லை.

சரி, இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம். முடி போய்விட்டது. முடிக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பழக்கம் போகவில்லை. அமைச்சர் வந்தாலும், அதிகாரி வந்தாலும், கட்டடம் திறக்க எவர் வந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வீதியோரம் நிறுத்துகிறோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் காலை ஒன்பது மணிக்கு வருகிறார் என்றார்கள். ஏழரைக்கே ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டோம். நிறுத்தியவர்களில் நானும் ஒருவன், அந்தக் குற்றம் எனக்கும் உண்டு. கையில் கடதாசிக் கொடி. வாகனச் சத்தம் கேட்டால் ஆட்ட வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தோம். முதலில் தண்ணீர் பவுசர் வந்தது. பிள்ளைகள் ஆட்டினார்கள். பிறகு மூதூர் பஸ் வந்தது. ஆட்டினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எழும்பி நின்று கை காட்டினார்கள். ஒன்பது போய் பத்தானது, பதினொன்றானது. சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. வரிசை குழம்பக்கூடாது என்று கட்டளை, தண்ணீர் குடிக்கவும் விடவில்லை.

அப்போது பின்னால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மீன்காரர் ஒருவர் வந்தார். நானூறு கொடி ஒரே நேரத்தில் ஆடியது. மனுஷன் திகைத்து நிறுத்திவிட்டார். இறங்கி இரண்டு பக்கமும் கும்பிட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சரிந்து விழுந்தது. தூரத்திலிருந்து வருகிற பிள்ளை, காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது. நாங்கள் ஆசிரியர்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். மீன்காரர்தான் ஓடிவந்து தூக்கி, வேலியோர வேப்பமர நிழலில் கிடத்தி, தன் போத்தல் தண்ணீரை முகத்தில் தெளித்துக் குடிக்கக் கொடுத்தார். தன் தோளில் கிடந்த துவாயால் விசிறினார். பிள்ளை கண் திறந்த பிறகுதான் போனார். மீன் பழுதாகுமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியவர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வாகனம் நாலு. கொடியைத் தூக்குவதற்குள் போய்விட்டன. அடுத்த நாள் வகுப்பில் "நேற்று யார் வந்தவர்?" என்று கேட்டேன். விழுந்த பிள்ளை எழும்பிச் சொன்னது, "மீன்காரர் வந்தவர், சேர்."

இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன என்று அம்மம்மா சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது. யார் ஆண்டாலும் வெயிலில் நிற்பது பிள்ளைகள்.

எங்களுக்கு வரவேற்கத் தெரியாதா? சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது எப்படி வரவேற்கிறோம்? வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, அவரவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறோம். கோணேசர்தான் எங்கள் தெருவுக்கு வருகிறார். பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், தாகமென்றால் உள்ளே போய்க் குடித்துவிட்டு வருகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ராச மரியாதை அதுதான்.

இங்கிலாந்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2023 மே 6இல் சார்ள்ஸுக்கு முடிசூட்டினார்கள். ஒரு பக்கம் மழையில் நனைந்தபடி பெருந்திரளாகச் சனம், இன்னொரு பக்கம் 'என் மன்னர் அல்ல' என்ற மஞ்சள் பதாகையோடு சனம். பதாகை கொண்டுவந்தவர்களில் சிலரைப் பொலிஸ் பிடித்தது. மகாராணி மறைந்த 2022 செப்டெம்பரில் இங்கேயும் 19ஆம் திகதி அரச அலுவலகங்களுக்கு விடுமுறை விட்டார்கள். பெட்ரோலுக்கு அளவு போட்டு அடித்துக்கொண்டிருந்த காலம் அது. இதை இன்னும் விரிவாகச் சொல்ல ஆசை, ஆனால் தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். பாடசாலை நேரத்தில் எந்த விருந்தினருக்காகவும் பிள்ளைகளை வீதியில் நிறுத்தக்கூடாது என்று கல்வித் திணைக்களத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வரவேற்பு வேண்டுமென்றால் மண்டபத்துக்குள், கதிரையில் இருத்தி, தண்ணீர் வைத்து, விருந்தினர் அரை மணிநேரம் பிந்தினால் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். முன்வரிசையில் இருக்கும் அதிபர்மாரை உரிமையோடு கேட்கிறேன், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். மறுத்துப் பேசினால் இடமாற்றம் வரும் என்ற பயம் எனக்கும் இருந்தது. நானூறு பெற்றோர் கையெழுத்து உங்கள் கையில் இருந்தால் மறுப்பது கொஞ்சம் இலகு.

மனு வெளியே, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனையை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட முடியாத ஆச்சிமார் பெருவிரல் வைக்கலாம், மை இருக்கிறது. பிள்ளைகளே, நீங்கள் முதலில் போய்த் தண்ணீர் குடியுங்கள்.

வணக்கம்.