பார்த்துவிட்டு வரப் போனவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நடிகையின் பெருமை திரையிலா, திரைக்கு வெளியிலா என்பது தலைப்பு. வெளியில்தான் என்பது எங்கள் அணி. மெக்சிகோவின் யலிட்சா அபரிசியோ பெயரைச் சொன்னதும் எதிரணி அண்ணன் கேட்டார்: "ஒரு படத்தில் வேலைக்காரியாக வந்தார், அதில் என்ன பெரிய நடிப்பு?" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, முதலில் அதற்குப் பதில்.

ஒவாஹாகா மாநிலத்தில் தலாஹியாகோ என்று ஒரு மலையூர். அங்கே படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். போக வேண்டியவர் அக்கா. அவர் கர்ப்பிணி. "நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு" என்று தங்கையை அனுப்புகிறார். கவனியுங்கள் நடுவரே, வாய்ப்புத் தேடிப் போகவில்லை, பார்த்துவிட்டு வரப் போனார்! பாலர் பள்ளி ஆசிரியையாகப் படித்த பெண். இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் யாரென்றே தெரியாது. கூப்பிட்டதும் பயம்: பெண்களைக் கடத்தும் கும்பலாக இருக்குமோ? அண்ணே, மறுபடி சொல்கிறேன், அக்காவுக்காகப் பார்த்துவிட்டு வரப் போன அந்தப் பெண்தான் 2019-ல் 'ரோமா' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் நின்றார். மெக்சிகோவின் பழங்குடிப் பெண் ஒருவர் அங்கே நின்றது அதுவே முதல் முறை.

அண்ணன் சொன்னதையே அந்த நாட்டு நடிகர் ஒருவர் இன்னும் கேவலமாகச் சொன்னார். 'சரி அம்மா, இல்லை அம்மா' என்று சொல்பவளுக்குப் பரிந்துரையா என்று, இனத்தையும் சேர்த்து இழித்தார். யலிட்சா திருப்பித் திட்டவில்லை. ஒவாஹாகாவின் பழங்குடிப் பெண்ணாக இருப்பதில் பெருமைப்படுகிறேன் என்றார். வீட்டு வேலை செய்யும் பெண்களின் உரிமைக்காகவும் பேசினார். 2018 டிசம்பரில் மெக்சிகோ உச்ச நீதிமன்றம் அவர்களைச் சமூகப் பாதுகாப்பிலிருந்து ஒதுக்கியது தவறு என்றது. 2019-ல் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. அது பல ஆண்டு போராடிய அந்தப் பெண்களின் வெற்றி. ஆனால் அவர்கள் பேச்சு உலகத்தின் காதில் ஏற இந்த முகமும் உதவியது. அதே ஆண்டு யுனெஸ்கோ இவரைப் பழங்குடி மக்களுக்கான நல்லெண்ணத் தூதராக்கியது.

அப்பா மிஸ்டெக் இனம், அம்மா திரிகி இனம். படத்தில் மிஸ்டெக் மொழி பேச வேண்டும், இவருக்கோ தெரியாது. தோழி நான்சி சொல்லிக்கொடுத்தார். அப்பா வழி மொழியைச் சினிமாவுக்காகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது ஐயா!

அந்த அம்மாவும் அடுத்தவர் வீட்டில் வேலை செய்தவர்தான். மகள் திரையில் வாழ்ந்து காட்டியது அம்மாவின் உழைப்பை. ஆஸ்கர் விழாவுக்கு யாரைக் கூட்டிப் போனார்? அம்மாவைத்தான். பரிசு வேறொருவருக்குப் போனது. அண்ணே, அன்று அந்தத் தாய்க்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், "வேலைக்காரியாக வந்தார், அதில் என்ன" என்று கேட்டிருப்பீர்களா?