கோல்ப் சங்கத்தின் ஓராண்டு: நாட்காட்டி முதல் ஸ்கோர் காட் வரை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ப் என்றதும் பலருக்குக் கொழும்பும் நுவரெலியாவுமே நினைவுக்கு வரும். கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் கழகங்கள் உருவாகிவிட்டன. நமக்குக் கிட்டிய திடல் திருகோணமலை சீனக்குடாவில், விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் இந்த விளையாட்டுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் திடல் மட்டும் போதாது. ஓராண்டுக்கான அமெச்சூர், அதாவது தொழில்முறையல்லாத, போட்டிகளை ஒழுங்காக நடத்தும் பிராந்தியச் சங்கம் ஒன்றும் வேண்டும். அந்தச் சங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். வெபர் மைதானத்தில் வேறு விளையாட்டுக்கு அட்டவணை போடுகிறவர்களும் இதில் எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு.

முதலில் நாட்காட்டி. கிழக்கில் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மாரி. அந்த மாதங்களில் பெரிய போட்டி வைத்தால் நிலம் ஊறிப் பந்து புதையும், நாட்களும் தள்ளிப்போகும். மே முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு, ஆனால் கச்சான் காற்று வீசும். ஆகவே முக்கிய சம்பியன்ஷிப்பை பெப்ரவரி, மார்ச்சில் வைப்பதே நல்லது. நோன்பு மாதமும் பாடசாலைப் பரீட்சைகளும் எப்போது வருகின்றன என்று பார்த்த பிறகே திகதியை அச்சிட வேண்டும். கச்சான் காலத்தில் போட்டி வைத்தே ஆகவேண்டுமென்றால், குழியைக் கிறீனின் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையின்) விளிம்பிலிருந்து குறைந்தது நான்கு எட்டு உள்ளே, சமதரையில் வெட்டுங்கள். சரிவில் வெட்டினால் காற்று பந்தைத் தள்ளிக்கொண்டே போகும், ஆட்டம் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது நேரக் கணக்கு. 60 பேர், மூவர் கொண்ட குழுக்களாக 20 குழுக்கள். பத்து நிமிட இடைவெளியில் காலை 6.30க்குத் தொடங்கினால் கடைசிக் குழு 9.40க்குப் புறப்படும். பதினெட்டுக் குழிக்கு நாலரை மணி நேரம் என்று வைத்தால் பிற்பகல் 2.10க்கு முடியும். இடைவெளியை ஆறு நிமிடமாகக் குறைத்தால் சீக்கிரம் முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது மறுதலை: மூன்றாம் நான்காம் குழியிலேயே குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துநிற்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி மின்னல் வரும் என்பதால் கடைசிக் குழு 2 மணியளவில் திரும்பிவிடுவது அவசியம். நீண்ட சைரன் ஒன்று ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும், அதன்பின் ஓர் அடிகூட அடிக்கக்கூடாது. மூன்று முறை தொடர்ந்து ஒலித்தால் வழமையான நிறுத்தம், இரு குறுஞ்சைரன்கள் ஒலித்தால் மீண்டும் ஆடலாம். சைரன் ஒலிக்கிறதா என்று முதல்நாளே சோதித்துவிடுங்கள்.

சம்பியன்ஷிப்பின் வழமையான அமைப்பு, இரு சுற்று அடிக்கணக்கில் தகுதிகாண் ஆட்டம், அதிலிருந்து முதல் 32 பேர், பின்னர் ஆளுக்கு ஆள் மட்ச் பிளே, அதாவது கூடுதல் குழிகளை வென்றவருக்கே ஆட்டம். முதலாமவர் 32ஆமவரையும், 16ஆமவர் 17ஆமவரையும் சந்திப்பார்கள். ஐந்து கட்டங்கள், மொத்தம் 31 ஆட்டங்கள். தகுதிச் சுற்று இல்லாமல் 24 பேர்தான் வந்திருந்தால், 32இலிருந்து 24ஐக் கழியுங்கள். மீதி எட்டு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு. அந்த எட்டும் முதற்கட்டத்திலேயே, முதல் எட்டுத் தரநிலைக்காரருக்குப் போக வேண்டும். பல சங்கங்கள் இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கி, அரையிறுதிக்கு மூவர் வந்து நிற்கும்போது சீட்டுக் குலுக்குகின்றன. தோற்காமல் வந்த ஒருவரை இறுதிக்குக் குலுக்கலில் அனுப்புவது மற்ற இருவருக்கும் செய்யும் அநியாயம்.

இப்போது ஹன்டிகப், அதாவது ஒருவரின் திறமைக்கேற்ப அவருக்குக் கொடுக்கும் சலுகை அடிகள். சண்டை அதிகம் வருவது இதனால்தான். 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்துவிட்டது. ஒருவரின் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டின், திடலின் கடினத்துக்கேற்பக் கணக்கிட்ட ஸ்கோர் வித்தியாசங்களின் சராசரியே அவரின் சுட்டெண், உச்சம் 54. இந்தச் சுட்டெண்ணுக்குக் கிடைக்கும் அடிகள் திடலுக்குத் திடல் மாறும். சுட்டெண் 12.4, திடலின் ஸ்லோப் (கடினத்தைக் காட்டும் எண்) 126 என்றால், 12.4ஐ 126ஆல் பெருக்கி வழமையான திடலின் ஸ்லோப்பான 113ஆல் வகுத்தால் 13.8 வரும். இத்துடன் திடலின் மதிப்பீட்டுக்கும் (ஹன்டிகப் தேவைப்படாத வீரர் அங்கே அடிக்கக்கூடிய அடிகள்) பாருக்கும் (திடலுக்கு நிர்ணயித்த அடிகள்) உள்ள வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். இங்கே இரண்டும் சமம் என்று வைப்போம். தனிநபர் அடிக்கணக்குப் போட்டியில் அதன் 95 வீதம் கொடுப்பதால் ஏறக்குறைய 13 அடி. சங்கம் செய்யும் தவறு, சொந்தத் திடலில் எப்போதோ கணக்கிட்ட எண்ணையே வேறு திடலிலும் பயன்படுத்துவது. இன்னொன்று, தோற்ற நாட்களின் ஸ்கோரை மட்டும் பதிவுசெய்து ஹன்டிகப்பை உயர்த்திவைக்க வீரரை விடுவது. ஆடிய ஒவ்வொரு சுற்றும் அன்றன்றே பதிவாக வேண்டும் என்று கண்டிப்பாக இருங்கள்.

ஸ்கோர் காட்டை ஒருவர் தானே நிரப்புவதில்லை. கூட ஆடுபவர், மாக்கர், எழுதுவார். ஏழாம் குழியில் ஐந்து அடித்தவருக்கு மாக்கர் நான்கு என்று எழுதி, இருவரும் கவனிக்காமல் கையொப்பமிட்டு ஒப்படைத்தால் அந்த வீரர் நீக்கப்படுவார். ஐந்துக்குப் பதில் ஆறு என்றிருந்தால் அந்த ஆறே நிற்கும். ஆனால் கூட்டல் பிழைக்கு வீரர் பொறுப்பல்ல, கூட்டுவது கமிட்டியின் வேலை. 2023 முதல் ஹன்டிகப்பைக் காட்டில் எழுதும் பொறுப்பும் வீரரிடம் இல்லை. ஆகவே காட் வாங்கும் மேசையை நிழலில் போட்டு, இருவரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு குழியாக வாசித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்றபடி அவசரத்தில் கையொப்பமிடுவதால்தான் இந்த நீக்கங்களில் பல வருகின்றன.

புள்ளி சமமானால் என்ன என்பதை முதல் பந்து அடிக்குமுன் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சம்பியன்ஷிப்புக்கு மேலதிகக் குழிகள், மாதப் போட்டிக்குக் கடைசி ஒன்பது, ஆறு, மூன்று, ஒரு குழி என்று அடிகளைப் பின்னோக்கி ஒப்பிடும் முறை.

பரிசு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹன்டிகப் பிரிவில் காசு கொடுக்காதீர்கள், கிண்ணமோ உபகரணமோ கொடுங்கள். ஹன்டிகப் இல்லாத நேரடிப் பிரிவில் 2022 முதல் காசு வாங்கலாம், ஆனால் 1000 அமெரிக்க டொலர் பெறுமதிக்கு மேல் கூடாது. மீறி வாங்கியவர் அமெச்சூர் தகுதியை இழப்பார். அடுத்த போட்டியில் அவரைச் சேர்க்கச் சங்கத்துக்கு வழியில்லாமல் போகும்.