குமாஸ்தாவின் மேசை

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை எப்போது வந்தது? 1870, அரசியல் சாசனத்தின் 15ஆவது திருத்தம் என்பார்கள். பதில் சரிதான். ஆனால் 1964இல் தென் மாநிலமான மிசிசிப்பியில் ஓட்டுப் போடும் வயதை எட்டிய கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேரின் பெயர்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தது. கறுப்பர் ஓட்டுப் போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொன்னால் கோர்ட்டில் நிற்காது. அந்த வேலையை, வாக்காளர் பெயரைப் பதிவு செய்யும் குமாஸ்தாவின் மேசைக்கு விட்டுவிட்டார்கள்.

அந்த மேசைக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். 21 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தருவார்கள். யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி. அது ஏன் என்று பிறகு புரியும். மாநிலச் சாசனத்தில் 285 பிரிவுகள். குமாஸ்தா கைவைக்கும் பிரிவைப் பார்த்து எழுதி, பொருளும் விளக்க வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவரும் அவரே. வெள்ளையருக்கு ஒருவரிப் பிரிவு, கறுப்பருக்கு வக்கீலே தடுமாறும் பிரிவு என்று அவர் பொறுக்கிக் கொடுக்கலாம். 1962 ஆகஸ்டில் பெயரைப் பதிவு செய்ய மிசிசிப்பியின் இண்டியனோலா ஊருக்குப் போன கறுப்பினப் பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமருக்குக் கிடைத்தது 'டி ஃபேக்டோ' (நடைமுறையில் உள்ள) சட்டங்கள் பற்றிய பிரிவு. தேறவில்லை. பதிவு செய்யப் போனதற்காகவே, 18 ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேற நேர்ந்தது.

தேறினாலும் ஓட்டுப் போட ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி; இரண்டு ஆண்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். போதாததற்கு, விண்ணப்பித்தவர் பெயர் இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். ஊரெல்லாம் தெரிந்துவிடும்.

1965 ஆகஸ்ட் 6இல் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் இந்த மேசையைத்தான் குறிவைத்தது. தேர்வு வைத்து, பதிவோ வாக்களிப்போ 50 சதவீதத்துக்குக் கீழே கிடந்த இடங்களில் தேர்வு நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் பதிவாளர்களும் போனார்கள். 1967இல் மிசிசிப்பியின் கணக்கு 59.8 சதவீதம். என் பார்வையில் இதைவிடப் பெரியது 5ஆவது பிரிவு. அந்த இடங்களில் தேர்தல் விதி எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை இடம் மாற்றினாலும்கூட, முதலில் வாஷிங்டனில் அனுமதி வாங்க வேண்டும். பாகுபாடு இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு மாநிலத்தின் தலையில்.

2013 ஜூன் 25இல், ஷெல்பி கவுன்டி வழக்கில், எந்தெந்த இடங்கள் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அளவுகோலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முன் அனுமதி பெயரளவில் மிஞ்சியது. முன் அனுமதி கிடைக்காமல் தடுக்கப்பட்டிருந்த, ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்கும் சட்டத்தை டெக்சாஸ் மாநிலம் அன்றைக்கே அமலுக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கி உரிமம் செல்லும், கல்லூரி அட்டை செல்லாது! அதனால் பாகுபாடு விளைகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்வதற்கு 2016 ஆகிவிட்டது. 2014 தேர்தல் அதற்குள் அதே சட்டப்படி நடந்து முடிந்திருந்தது.