பொடிநடை: ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்த கதை

(காட்சி: வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் ஸ்கூட்டர் சாவி தொங்குகிறது.)

வணக்கம். இந்த ஆணியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற ஆணி. பால் வாங்க, கொத்தமல்லி வாங்க, ரேஷன் கடையில் கூட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க, எதற்குக் கிளம்பினாலும் போன வருஷம் வரைக்கும் என் கை முதலில் போன இடம் இதுதான். செருப்பு மாட்டுவதற்கு முன்னாலேயே சாவி கைக்கு வந்துவிடும்.

பால் கடை எங்கள் வீட்டிலிருந்து 350 மீட்டர். ஒரு நாள் மொபைல் மேப்பில் அளந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒரு ஸ்டெப் சுமார் 70 செ.மீ. என்று வைத்தால் 500 ஸ்டெப். போய்வர 1,000. நிதானமாக நடந்தாலும் 10 நிமிஷம். சரி, ஸ்கூட்டரில்? கேட்டைத் திறந்து, வண்டியை வெளியே தள்ளி, கடை வாசலில் இடம் பார்த்து நிறுத்தி, திரும்பி வந்து மறுபடி உள்ளே ஏற்ற ஐந்து நிமிஷம் ஆகிவிடுகிறது. மிச்சமானது ஐந்தே நிமிஷம். அதை வைத்து நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை, மொபைலைத்தான் நோண்டியிருப்பேன்.

இந்த மாதிரி நடைக்கு நம்மிடம் அழகான ஒரு சொல் இருக்கிறது. பொடிநடை. "பொடிநடையா போயிட்டு வந்துருதேன்" என்று ஆச்சி சொன்னால், அது தெருமுனை வரைக்கும் இருக்கலாம், பக்கத்து ஊர் இலஞ்சி குமாரர் கோயில் வரைக்கும்கூட இருக்கலாம். அதற்குத் தனியாக ஷூ கிடையாது, டிராக் பேண்ட் கிடையாது, காலை 5:30 அலாரம் கிடையாது. ஒரு காரியத்துக்காகப் போகிற நடை. "வாக்கிங் போறது" என்று ஒன்று தனியாக வந்தபிறகு, இந்தப் பொடிநடை சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதுதான் இந்த வீடியோ.

(காட்சி: மணிக்கட்டில் ஸ்டெப் எண்ணுகிற ஒரு பேண்ட். திரையில் 10,000 என்ற எண்.)

முதலில் இந்த எண்ணை ஒரு கை பார்த்துவிடலாம். 10,000 ஸ்டெப். இது எந்த டாக்டரும் கணக்குப் போட்டுக் கொடுத்தது இல்லை. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அடுத்த வருஷம், 1965இல், ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்கிற ஸ்டெப் எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. பெயர் 'மான்போ-கேய்'. 'மான்' என்றால் பத்தாயிரம், 'போ' என்றால் காலடி, 'கேய்' என்றால் அளவி. பத்தாயிரம் காலடி அளவி. கேட்க நன்றாக இருந்தது, விளம்பரத்துக்கும் ஒத்துப்போனது. அறுபது வருஷம் கழித்தும் நம் மொபைல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நானும் அந்த எண்ணில் விழுந்தவன்தான். பேண்ட் வாங்கிய முதல் வாரம், ராத்திரி பத்து மணிக்கு 7,800 என்று காட்டினால், மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றுவேன். அதுவரை நாளுக்கு 3,000 தாண்டாத ஆள் திடீரென்று பத்தாயிரத்துக்குத் தாவினால் என்ன ஆகும்? பன்னிரண்டாவது நாள் காலை எழுந்து தரையில் காலை ஊன்ற முடியவில்லை. குதிகால் வலி. பேண்ட் பீரோவுக்குப் போனது, நான் ஸ்கூட்டருக்குத் திரும்பினேன்.

ஆராய்ச்சிகள் சொல்வது இதைவிடக் கருணையாக இருக்கிறது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாளுக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 ஸ்டெப் நடந்தவர்களிடம் மரண ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்தது. கூடக்கூட இன்னும் குறைந்தது, ஆனால் 7,500 வாக்கில் வரைபடத்தின் கோடு படுத்துவிட்டது, அதற்கு மேல் பெரிதாகக் குறையவில்லை. 2025இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழ் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பிலும் இதே மாதிரிதான்: 2,000 ஸ்டெப்போடு ஒப்பிட்டால் 7,000 ஸ்டெப்பில் 47 சதவீதம் குறைவு. நடப்பவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் இப்படிப்பட்ட ஆய்வுகளில் எப்போதும் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய லாபம் கிடைப்பது கோட்டின் தொடக்கத்தில். அதாவது என்னை மாதிரி 3,000இல் கிடக்கிற ஆளுக்கு. பால் கடைக்கு ஒரு தடவை நடந்தால் 1,000. சாயங்காலம் காய்கறிக்கு இன்னொரு 1,000. ஏறக்குறைய 5,000 வந்தாயிற்று, மொட்டை மாடி ஏறவே இல்லை.

உலக சுகாதார நிறுவனமும் 2020இல் ஒரு விதியைத் தளர்த்தியது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்பது அவர்கள் சொல்வது. முன்பு குறைந்தது பத்து நிமிஷம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு. இப்போது அந்த நிபந்தனை இல்லை. மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம், எல்லாம் சேரும். மிதமான வேகம் என்றால் என்ன? பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். நிமிஷத்துக்கு சுமார் 100 ஸ்டெப். சமையலறைக்கும் ஹாலுக்கும் நாள் முழுக்க நடப்பது வீணில்லை, ஆனால் அதில் இந்த வேகம் வருவதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி வீடியோ.

(காட்சி: தென்காசி – செங்கோட்டை டவுன் பஸ். நெரிசலுக்குள் கண்டக்டர் முன்னும் பின்னும் போய்வருகிறார்.)

நடையையும் இதயத்தையும் முதன்முதலில் உறுதியாக முடிச்சுப்போட்டவர் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர். அவர் எடுத்துக்கொண்டது ஓட்டப்பந்தய வீரர்களை இல்லை, பஸ்காரர்களை. லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அதே பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்குமாக நாளுக்கு 500 முதல் 750 படி ஏறுவார். அதே ஊர், ஏறக்குறைய அதே சம்பளம், அதே புகை. 1953இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு.

"டிரைவர் வேலைக்கு வருகிறவரே குண்டாக இருந்தால்?" என்று கேட்பீர்கள். மோரிஸும் கேட்டார். சீருடை தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஆமாம், டிரைவர்களின் இடுப்பு அளவு தொடக்கத்திலிருந்தே பெரிதுதான். அதோடு அவர் விடவில்லை. உடல் வாகைக் கணக்கில் எடுத்த பிறகும் கண்டக்டர்கள்தான் தேவலை. தபால்காரர்களையும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதை. எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், இவர்களில் யாரும் "உடற்பயிற்சி" செய்யவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள், அந்த வேலைக்குள் நடை இருந்தது. மோரிஸ் 99 வயது வரை இருந்தார்.

(காட்சி: சாலையோரம் நடக்கிற கால்கள். பக்கத்தில் ஒரு பைக் வேகம் குறைகிறது.)

சரி, இதெல்லாம் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? சோம்பல் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதி வெட்கம்.

நம் ஊரில் காலை ஆறு மணிக்கு வெள்ளை ஷூ போட்டு நடந்தால் அது கௌரவம். பகல் பதினொரு மணிக்குக் கையில் துணிப்பையோடு நடந்தால், "என்ன, வண்டி ரிப்பேரா?" இதை நான் கணக்கு வைத்துப் பார்த்தேன். சாவியை ஆணியிலிருந்து எடுத்து உள்ளறை பீரோவில், துணிகளுக்கு அடியில் வைத்த முதல் நாள், பால் கடைக்குப் போய்வருவதற்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்தினார்கள். "ஏறுங்க, அங்கனதான் போறேன்." மூன்று பேருமே நல்ல மனிதர்கள். மறுத்தால் முகம் வாடுகிறது. இரண்டாவது ஆள் என் வீட்டில் ஏதோ பணக் கஷ்டம் என்றே முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன், குரல் அப்படி இருந்தது. பொடிநடைக்கு எதிரி வெயில் இல்லை, தூரம் இல்லை, அக்கம்பக்கத்துப் பாசம்.

சாவியை ஒளித்ததால் என்ன லாபம் என்றால், வண்டி வேண்டாம் என்று நான் சபதம் எதுவும் செய்யவில்லை. எடுக்க ஒரு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான். உள்ளே போய், பீரோவைத் திறந்து, துணியை விலக்குவதற்குள் "இந்தா இருக்கிற கடைதானே" என்று தோன்றிவிடுகிறது. தென்காசி போக வேண்டுமென்றால் வண்டிதான். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் கால். இதற்கு மேல் சட்டம் எதுவும் இல்லை.

(காட்சி: தோசைக்கல்லில் புரோட்டா. பக்கத்தில் சால்னா வாளி.)

அடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு. எங்கள் பக்கம் பிரானூர் பார்டர் என்று ஓர் இடம் உண்டு, பார்டர் புரோட்டா கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, அப்போது எல்லை பிரானூரில். 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, எல்லை புளியரை தாண்டி மேற்கே போய்விட்டது. பெயரும் புரோட்டாவும் இங்கேயே தங்கிவிட்டன.

நாலு புரோட்டா சாப்பிட்டால் அவ்வளவும் மைதா, ரத்தத்தில் சர்க்கரை ஜிவ்வென்று ஏறும். அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தால் அதை இறக்குகிற வேலை பெரும்பாலும் இன்சுலின் தலையில். நடந்தால் கதை வேறு. தொடை, கெண்டைக்கால் எல்லாம் உடம்பின் பெரிய தசைகள். அவை சுருங்கி விரியும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்ளும். 2013இல் அறுபது வயது தாண்டியவர்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு, வெறும் பத்துப் பேர்தான். மூன்று வேளையும் சாப்பிட்டு அரை மணி கழித்து 15 நிமிஷம் நடக்க வைத்தார்கள். ஒரே மூச்சில் 45 நிமிஷம் நடந்ததற்குச் சமமாக அன்றைய சர்க்கரை கட்டுப்பட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால், இந்த 15 நிமிஷம்தான் ஜெயித்தது.

ஆகவே புரோட்டா சாப்பிடுகிற அன்றைக்கு நடப்பதை நான் விடுவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சர்க்கரை அளவு ஒரேயடியாக இறங்கக்கூடும். வெறுங்காலோடு நடக்கவும் வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள் குத்தியதே தெரியாது.

காத்திருக்கும் நேரம் இன்னொரு புதையல். செங்கோட்டை ஸ்டேஷனில் ரயில் வர இருபது நிமிஷம் இருக்கிறதா? ஒரு பெட்டி 22, 24 மீட்டர் நீளம். பதினான்கு பெட்டி நிற்கிற தூரம் 300 மீட்டருக்கு மேல். ஒரு தடவை போய்வந்தால் 800, 900 ஸ்டெப். போன் பேசினாலும் இப்படித்தான், பேச்சு நீளமாகும் என்று தெரிந்த சொந்தக்காரர் அழைத்தால் நான் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். கொல்லத்தில் இருக்கிற சித்தி ஒருத்தரே எனக்கு 2,000 ஸ்டெப்.

(காட்சி: கொல்லம் – திருமங்கலம் சாலை. அடுத்தடுத்து லாரிகள்.)

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் நடைபாதை என்பது பெரும்பாலும் கடை போர்டு நிறுத்துகிற இடம். கேரளாவுக்குப் போகிற லாரிகளுக்கு நடுவே பொடிநடை எல்லாம் வேண்டாம், உள் தெரு வழியாகக் கொஞ்சம் சுற்றிப் போங்கள், ஸ்டெப்பும் கூடும். வேறு வழியே இல்லை என்றால் ரோட்டின் வலது ஓரமாக நடங்கள். எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். இருட்டில் வெளிர் நிறச் சட்டை. சாரல் காலத்தில் தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். குடை எப்போதும் கையில் இருக்கட்டும், மழைக்கும் ஆகும், நாய்க்கும் ஆகும்.

கார்த்திகை வந்தால் எங்கள் ஊர் வழியாக ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று சாமிமார் வண்டி வண்டியாகப் போவார்கள். பம்பையிலிருந்து சந்நிதானம் சுமார் 5 கிலோமீட்டர், நீலிமலை ஏற்றம் சும்மா இல்லை. வருஷம் முழுக்க ஸ்கூட்டரில் இருந்துவிட்டு, அன்றைக்கு மட்டும் ஏறுகிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதால்தான் வழி நெடுக அவசர சிகிச்சை மையங்கள் வைத்திருக்கிறார்கள். சில நாள் முன்னாலேயே நடந்து பழகுங்கள் என்று கேரள சுகாதாரத் துறையும் சொல்கிறது. என் கணக்கில் ஐப்பசி முதல் தேதி தொடங்குவது நல்லது. இப்போது நடப்பதோடு 1,000 கூட்டுங்கள், இரண்டு வாரம் அதிலேயே இருங்கள், அப்புறம் இன்னொரு 1,000. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ நின்றுவிடுங்கள். அது வாயு என்று நீங்களே தீர்ப்பு சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

(காட்சி: காலி ஆணி. பிறகு துணிப்பையோடு தெருவில் நடை. ஒரு பைக் பக்கத்தில் வந்து நிற்கிறது.)

லிஃப்ட் கொடுக்க நிற்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று நிறையப் பேர் கேட்பீர்கள். "பரவாயில்லை" என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. "நடக்கணும்னு தோணுது" என்றேன், ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது சொல்கிற பதில், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு." உடனே தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எந்த டாக்டர் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.